இசைத்தாளில் ஒரு ஹவானா: பக்கீட்டோ டி'ரிவேராவின் புலம்பெயர் வாழ்வு

ஹவானாவில் ஒரு வீடு. 1950-கள். டீட்டோ ரிவேரா என்ற சாக்ஸபோன் கலைஞர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து மகனுக்குப் போட்டுக் காட்டுகிறார். 1938 ஜனவரி 16 அன்று பென்னி குட்மன் நியூயார்க்கில் நடத்திய கச்சேரியின் பதிவு அது. கச்சேரி நடந்த இடம் கார்னெகி ஹால் என்று அப்பா சொல்ல, பையன் காதில் அது 'கார்னே இ ஃப்ரிஹோல்' என்று விழுகிறது. ஸ்பானிய மொழியில் இறைச்சியும் பீன்ஸும் என்று அர்த்தம். இவ்வளவு அழகான இசைக்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று குழம்பிப்போனதாக அந்தப் பையன் பெரியவரான பிறகு எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பையன்தான் பக்கீட்டோ டி'ரிவேரா. 1948 ஜூன் 4 அன்று ஹவானாவில் பிறந்தவர். 30 வயதில் அதே கார்னெகி ஹால் மேடையில், கியூபாவிலிருந்து வந்த இராக்கெரே குழுவின் சாக்ஸபோன் கலைஞராக நின்றார். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து அந்தக் குழுவையும் நாட்டையும் ஒரே நாளில் விட்டுவிட்டார்.

இவருடைய கதையைப் பலரும் தப்பித்தல் கதையாகவே சொல்வார்கள். கெடுபிடியான நாடு, ஓடிவந்த கலைஞர், கிடைத்த சுதந்திரம், வந்து குவிந்த விருதுகள். அதில் பொய் ஒன்றும் கிடையாது. ஆனால் அப்படிச் சொல்லும்போது இசை கதைக்கு வெளியே நின்றுவிடுகிறது. ஜாஸும் மேற்கத்திய செவ்வியல் இசையும் இவரிடம் எப்படிச் சேர்ந்தன, வெளிநாட்டு வாழ்க்கை அந்தச் சேர்க்கையை என்ன செய்தது, அதற்கு என்ன விலை கொடுத்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இரண்டு இசையையும் அவர் ஹவானாவிலிருந்தே கொண்டுபோனார். அதைத் தாளில் எழுதிவைக்கும் தேவையை நியூயார்க் உண்டாக்கியது. இந்த ஆய்வில் நான் சொல்ல வருவது இதைத்தான்.

அப்பாவிடம் கற்றது

டீட்டோ ரிவேரா செவ்வியல் முறையில் பயின்ற சாக்ஸபோன் கலைஞர். வாத்திய வியாபாரமும் செய்தார். பிரான்சின் செல்மர் நிறுவனத்தின் கருவிகள் அவர் வழியாக ஹவானாவுக்கு வந்தன. பையனுக்கு ஐந்து வயதானபோது வளைந்த வடிவில் இருக்கும் ஒரு சிறிய சொப்ரானோ சாக்ஸபோனை வாங்கிக் கையில் கொடுத்தார். சின்னக் கைகளுக்கு எட்டும் அளவு. ஏழு வயதில் செல்மர் நிறுவனமே அந்தப் பையனைத் தன் கலைஞர்களில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டது.

அப்பா கொடுத்த பாடம் ஒரு பக்கமாக இருக்கவில்லை. காலையில் பிரெஞ்சுப் பயிற்சிப் பாடங்கள், அப்புறம் குட்மன், டியூக் எலிங்டன். எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்ற பேச்சு அந்த வீட்டில் இல்லை. பையன் மனதில் பதிந்த குட்மனும் அப்படிப்பட்ட ஆள்தான். ஸ்விங் இசையின் ராஜா என்று பெயர் வாங்கிய அதே குட்மன்தான் இசையமைப்பாளர் பேலா பார்ட்டோக்கை 'கான்ட்ராஸ்ட்ஸ்' எழுத வைத்தார். ஆரன் கோப்லண்டிடம் கிளாரினெட் கான்செர்ட்டோ, அதாவது தனிக்கருவியும் பெரிய குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு, கேட்டு வாங்கினார். புடாபெஸ்ட் குவார்ட்டெட்டோடு உட்கார்ந்து மோட்சார்ட்டைப் பதிவு செய்தார். ஆக, முதல் முன்மாதிரியே இரண்டு பக்கமும் கால் வைத்தவர்.

குட்மனை ஒரு விதிவிலக்காக அமெரிக்கா பார்த்தது. கியூபாவில் அது விதிவிலக்கு இல்லை, வழக்கம். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பக்கீட்டோவைப் புரிந்துகொள்ளும் சாவி இங்கேதான் இருக்கிறது.

19-ஆம் நூற்றாண்டில் மனுவேல் சௌமெல், இக்னாசியோ செர்வான்டெஸ் ஆகியோர் பியானோவுக்கு எழுதிய கோன்ட்ராதான்சா என்ற நடன மெட்டுகள் நடனமாடும் கூடத்திலிருந்து பிறந்தவை; இன்று அவை கியூபாவின் செவ்வியல் இசை. 1879-இல் மத்தான்சாஸ் நகரத்தில் மிகேல் ஃபைல்தே வாசித்துக் காட்டிய தான்சோன், நாட்டின் நடனமாகவே மாறியது. அந்தக் காலத்துத் தான்சோன் குழுக்களில் கிளாரினெட்டுக்கு நிரந்தர இடம் உண்டு. 20-ஆம் நூற்றாண்டில் காச்சாவோ என்று அழைக்கப்பட்ட இஸ்ரயேல் லோபெஸ் சிறுவயதிலேயே ஹவானா ஃபில்ஹார்மோனிக்கில் டபுள் பாஸ் வாசிக்கச் சேர்ந்தார். ஒருபுறம் பீத்தோவன், மறுபுறம் நடனக் குழு. 1930-களின் கடைசியில் அவரும் அண்ணன் ஒரெஸ்தெஸும் சேர்ந்து போட்ட தாளம்தான் மாம்போ என்ற நடன இசைக்கு விதை. ஒரே ஆள், ஒரே கருவி, ஒரே ஊர். பிரிவு என்ற ஒன்றே அந்த உழைப்பில் இல்லை.

இரண்டு குழாய்களின் சிக்கல்

சாக்ஸபோனும் கிளாரினெட்டும் பார்க்க உறவுக்காரர்கள் மாதிரி இருக்கும். இரண்டிலும் ஒற்றை நாணல் தட்டை, வாயில் பிடிக்கும் முறையும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் உள்ளே இருக்கும் குழாயின் வடிவம் வேறு. சாக்ஸபோன் கூம்பு, மேலிருந்து கீழே விரிந்துகொண்டே போகும். கிளாரினெட்டின் துளை பெரும்பாலும் ஒரே அகல உருளை. இந்த வேறுபாட்டால் சாக்ஸபோனில் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது எட்டு சுரம் தாண்டி அதே சுரமே வரும், விரல் வைப்பும் ஏறக்குறைய அதே. கிளாரினெட்டோ பன்னிரண்டு சுரம் தாண்டி வேறு சுரத்துக்குத் தாவிவிடும். கீழே ஒரு விரல் வைப்பு, மேலே இன்னொன்று, நடுவில் குரல் மெலியும் ஒரு இக்கட்டான பகுதி.

ஜாஸ் வேகம் எடுத்த 1940-களில் பெரும்பாலான கலைஞர்கள் கிளாரினெட்டை ஓரம் வைத்ததற்கு இது ஒரு காரணம். அந்தக் காலத்தின் வேகமான ஜாஸ் பாணியான பீபாப் இசையில் சுரங்கள் குறுக்கும் நெடுக்கும் பறக்கும். ஒவ்வொரு தாவலிலும் விரல் கணக்கு மாறினால் மனோதர்மம் தடுக்கும். பக்கீட்டோ அந்தக் கருவியைக் கைவிடவில்லை. ஆல்ட்டோ சாக்ஸபோனில் பீபாப் மேதை சார்லி பார்க்கரின் வழியையும், கிளாரினெட்டில் மோட்சார்ட்டிலிருந்து வந்த ஒலிச்சுத்தத்தையும் தனித்தனியே வளர்த்துக்கொண்டார். அவருடைய கிளாரினெட்டைக் கேட்டால் மேல் ஸ்தாயியில்கூடக் கிறீச்சிடல் இருக்காது; மரத்தின் ஈரம் தெரியும். கன்சர்வேட்டரி கொடுத்த பயிற்சி அது. 12 வயதில் ஹவானா கன்சர்வேட்டரியில் சேர்ந்து, 17 வயதில் கியூபா தேசிய சிம்பொனியோடு தனிக்கலைஞராக வாசித்தவர் அவர்.

'நவீன இசை' என்ற பெயர்

1959 ஜனவரியில் புரட்சி வென்றது. இசைக் கல்வி இலவசமானது. அதனால் பயனடைந்தவர்கள் ஏராளம். அதே நேரம் ஜாஸ் எதிரி நாட்டு இசை என்ற பார்வையும் வலுத்தது. வாசிக்கத் தடை என்று எழுதிவைத்த சட்டம் எதுவும் தேவைப்படவில்லை, அதிகாரிகளின் முகச்சுளிப்பு போதும்.

1967-இல் அரசே ஒரு பெரிய குழுவை அமைத்தது. நாட்டின் தலைசிறந்த இளம் கலைஞர்கள் அதில் இருந்தார்கள். அர்மாந்தோ ரோமேயு வழிநடத்தினார். பின்னர் கொஞ்ச காலம் பக்கீட்டோவும் நடத்தினார். வாசித்தது ஜாஸ்தான். ஆனால் குழுவின் பெயர் ஒர்க்கெஸ்தா குபானா தே மூசிகா மோதெர்னா, அதாவது கியூபா நவீன இசைக் குழு. ஜாஸ் என்ற சொல் பெயரில் வரவில்லை.

அந்தக் குழுவிலிருந்து பிரிந்தவர்கள் 1973-இல் இராக்கெரேயை உருவாக்கினார்கள். பியானோவில் சூச்சோ வால்தெஸ், டிரம்பெட்டில் அர்த்தூரோ சந்தோவல், சாக்ஸபோனிலும் கிளாரினெட்டிலும் பக்கீட்டோ. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த யோருபா வழிபாட்டில் ஒலிக்கும் பாத்தா முழவுகளை மின்சார கிதாரோடும் பித்தளை வாத்தியங்களோடும் சேர்த்தார்கள். நடனத்துக்கு ஏற்ற பாட்டுகளும் போட்டார்கள். மக்கள் ஆடினார்கள், அந்த ஆட்டத்தின் நிழலில் ஜாஸ் பிழைத்தது. வழி அடைபட்ட இடத்தில் அவர்கள் கண்டுபிடித்த இந்த இசை லத்தீன் ஜாஸின் போக்கையே மாற்றியது. நெருக்கடியும் ஒரு ஆசான்தான் என்று இதைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. அந்த நெருக்கடி இல்லாமலும் இந்தக் கலைஞர்கள் பெரிதாக எதையாவது செய்திருப்பார்கள். அவ்வளவு திறமை அந்த அறையில் இருந்தது.

1977 மே மாதம் அமெரிக்க ஜாஸ் கலைஞர்கள் டிஸ்ஸி கில்லெஸ்பி, ஸ்டான் கெட்ஸ், ஏர்ல் ஹைன்ஸ் ஆகியோரோடு ஒரு ஜாஸ் கப்பல் ஹவானா துறைமுகத்துக்கு வந்தது. உள்ளூர்க் கலைஞர்களோடு சேர்ந்து வாசித்தார்கள். 1940-களில் சானோ போசோ என்ற ஹவானா முழவுக் கலைஞரோடு சேர்ந்து ஆஃப்ரோ-கியூபன் ஜாஸுக்கு வழி திறந்தவர் டிஸ்ஸி. அந்த ஊருக்கு அவர் வந்துசேர அத்தனை ஆண்டுகள் ஆயின. அடுத்த ஆண்டு இராக்கெரே வெளியே வந்தது. 1978-இல் கார்னெகி ஹாலில் நியூபோர்ட் விழா, பிறகு சுவிட்சர்லாந்தின் மோன்த்ரே விழா. அந்த இரண்டு மேடைகளின் பதிவைக் கொலம்பியா நிறுவனம் ஆல்பமாக வெளியிட, 1980-இல் அதற்குக் கிராமி விருது கிடைத்தது.

அந்த ஆல்பத்தில் 'அதாஜியோ' என்று ஒரு உருப்படி இருக்கிறது. மோட்சார்ட் 1791-இல், தான் இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு முடித்த கிளாரினெட் கான்செர்ட்டோவின் மெதுவான இரண்டாம் பகுதியை எடுத்துக்கொண்டு பக்கீட்டோ விரித்து வாசிக்கிறார். பாத்தா முழவுகளுக்கும் 'அக்வானிலே' என்ற வழிபாட்டுக் கோஷத்துக்கும் இடையே இது வந்து உட்காரும்போது யாரும் ஆச்சரியப்படவில்லை என்பது கைதட்டலிலேயே கேட்கும். இதை முதலில் கேட்டபோது நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அவருக்கு 30 வயதுதான். அமெரிக்காவில் காலூன்றும் முன்பே, நாட்டை விட்டு வரும் முன்பே, அந்த இரண்டு இசையும் ஒரே மூச்சில் வெளிவந்துவிட்டன. அதனால்தான் 'வெளிநாடு போய் இரண்டையும் இணைத்தார்' என்று எழுதப்படுவதை என்னால் ஏற்க முடிவதில்லை.

மாட்ரிட், 1980

1980-ஆம் ஆண்டு கியூபாவுக்குக் கொதிப்பான ஆண்டு. ஏப்ரலில் ஹவானாவின் பெரு நாட்டுத் தூதரக வளாகத்துக்குள் பத்தாயிரம் பேருக்கு மேல் புகுந்தார்கள். தொடர்ந்து மாரியெல் துறைமுகம் திறக்கப்பட, அக்டோபர் வரைக்கும் சுமார் 1,25,000 பேர் படகேறி ஃப்ளோரிடாவுக்குப் போனார்கள். போகிறவர்கள் வீட்டு வாசலில் கூட்டம் சேர்த்துத் திட்டுவதும் கல்லெறிவதும் நடந்தன.

கிராமி விருது வாங்கிய சில மாதங்களில், ஸ்பெயின் பயணத்தின்போது பக்கீட்டோ மாட்ரிடில் குழுவைவிட்டு விலகி, அமெரிக்கத் தூதரகத்தில் புகலிடம் கேட்டார். மனைவியும் சின்ன மகனும் ஹவானாவில். எப்படியும் வெளியே கொண்டுவந்துவிடலாம் என்று நம்பினார். அரசு விடவில்லை. மாதங்கள் ஆண்டுகளாயின. மகன் வளர்ந்தது அப்பா இல்லாத வீட்டில். பல ஆண்டுகள் கழித்துத்தான் அவர்கள் வெளியே வந்தார்கள்.

இந்த இடத்தில் நின்று ஒரு வார்த்தை. கலைஞர்களின் புகலிடக் கதைகளில் இந்தப் பகுதியை ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். அந்த ஆண்டுகளில் அவர் வெளியிட்ட துள்ளலான ஆல்பங்களைக் கேட்கும்போது, ஒவ்வொரு கச்சேரிக்குப் பிறகும் அவர் திரும்பிப்போன அறையில் மகன் இல்லை என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

முதல் பத்தாண்டு

வந்த இடத்தில் கைகொடுத்தவர்கள் உண்டு. இராக்கெரேயைக் கொலம்பியாவுக்குக் கொண்டுவந்த புரூஸ் லண்ட்வால், ஹவானாவிலேயே பழகிய டிஸ்ஸி கில்லெஸ்பி, 1930-லேயே ஹவானாவிலிருந்து நியூயார்க் வந்து சேர்ந்த மூத்தவர் மாரியோ பௌசா. பௌசாவும் ஹவானா ஃபில்ஹார்மோனிக்கில் கிளாரினெட் வாசித்தவர். அப்புறம் டிரம்பெட்டுக்கு மாறி, ஆஃப்ரோ-கியூபன் ஜாஸின் தந்தை என்று பெயர் பெற்றவர். பக்கீட்டோவுக்கு முன்னே அதே பாதையில் நடந்த கால்தடம் அது.

1981-இல் 'பக்கீட்டோ ப்ளோயின்', அடுத்த ஆண்டு 'மாரியெல்'. இரண்டாவதன் பெயரே ஒரு பிரகடனம். 1980-இல் படகேறியவர்களோடு தன்னைச் சேர்த்து எண்ணிக்கொண்டார்.

இந்த ஆண்டுகளில்தான் இன்னொரு மாற்றம் தொடங்கியது. என் கணிப்பில் அவர் தொழில்வாழ்வின் மிக முக்கியமான மாற்றம் அது. ஹவானாவில் இருந்தவரை அவர் கியூபக் கலைஞர். அண்டை நாடுகளின் இசையோடு தினசரி உறவாட வழியில்லை. நியூயார்க்கில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் வேறு வேறு நாட்டுக்காரர்கள். பிரேசிலின் கிளௌதியோ ரோதித்தி டிரம்பெட் வாசித்தார். தொமினிக்கன் குடியரசின் மிஷெல் கமீலோ பியானோவில் இருந்தார். 1984 ஆல்பத்துக்குத் தலைப்பான 'ஒய் நாட்' கமீலோவின் மெட்டு. பின்னாளில் பெருவின் ஒஸ்கார் ஸ்தக்னாரோ, அர்ஜென்டினாவின் தியேகோ உர்கோலா, கார்லோஸ் ஃபிரான்செத்தி என்று பட்டியல் நீண்டது. பிரேசிலின் ஷோரோ, வெனிசுலா வால்ஸ், டாங்கோ எல்லாம் அவர் வாசிப்புக்குள் வந்தன. கியூபாக்காரராக வந்தவர் அந்த ஊரில் லத்தீன் அமெரிக்கரானார்.

1988-இல் டிஸ்ஸி அமைத்த யுனைடெட் நேஷன் ஆர்க்கெஸ்ட்ரா இதே எண்ணத்தின் பெரிய வடிவம். வட, தென் அமெரிக்காவும் கரீபியனும் ஒரே மேடையில். 1989-இல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் அந்தக் குழு வாசித்த பதிவில் பக்கீட்டோவும் அர்த்தூரோ சந்தோவலும் அருகருகே இருக்கிறார்கள். அப்போது சந்தோவல் இன்னும் கியூபாவில் வாழ்பவர். அடுத்த ஆண்டு ஐரோப்பியப் பயணத்தில் அவரும் புகலிடம் கேட்டார். 1993 ஜனவரியில் டிஸ்ஸி மறைந்த பிறகு குழுவைப் பக்கீட்டோ ஏற்று நடத்தினார்.

ஏன் இவர் தாக்குப்பிடித்தார்?

புலம்பெயர்ந்த எல்லாருக்கும் இப்படி அமையவில்லை. இரண்டு பேரை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இருவருமே பக்கீட்டோவைவிட மூத்த மேதைகள்.

பேபோ வால்தெஸ், சூச்சோவின் அப்பா. ஹவானாவின் புகழ்பெற்ற டிராப்பிக்கானா அரங்கில் பியானோவும் இசை அமைப்பும் அவர் பொறுப்பில் இருந்தன. 1960-இல் நாட்டைவிட்டுப் போனவர், 1963-இல் ஸ்டாக்ஹோமில் குடியேறினார். அங்கே முப்பது ஆண்டுகள் ஹோட்டல் கூடங்களில் பியானோ வாசித்துக் குடும்பம் நடத்தினார். 1978-இல் இராக்கெரே நியூயார்க் வந்தபோதுதான் மகனை 18 ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தார்.

காச்சாவோ 1960-களில் ஸ்பெயின் வழியாக அமெரிக்கா சேர்ந்தார். மாம்போவுக்கு வித்திட்டவர் மயாமியில் கல்யாண வீடுகளில் வாசித்துக் காலம் தள்ளினார். 1990-களில்தான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

இவர்களுக்கு இல்லாத எது பக்கீட்டோவுக்கு இருந்தது? திறமை என்று சொல்ல முடியாது. காலம்தான் முதல் காரணம். 1960-களில் வெளியேறியவர்களை வரவேற்க அமெரிக்க இசைத் தொழிலில் கதவு எதுவும் திறந்திருக்கவில்லை. 1980-இல் ஒரு கிராமி, ஒரு பெரிய நிறுவனத்தின் அறிமுகம், டிஸ்ஸியின் நட்பு மூன்றும் பக்கீட்டோ கையில் இருந்தன. வயதும் 32தான். தங்கிய ஊரும் கணக்கில் வரும். ஸ்டாக்ஹோமில் கியூப முழவு வாசிக்க ஆள் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் நியூயார்க்கில் ஒரு தெருவுக்கு நாலு பேர் கிடைத்தார்கள். இதை அவரே உணர்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் வசதி வந்ததும் அவர் திரும்பிப் பார்த்தது இந்த மூத்தவர்களைத்தான்.

1994-இல் ஸ்டாக்ஹோமில் இருந்த பேபோவைத் தொலைபேசியில் அழைத்தார். ஜெர்மனியில் ஒரு பதிவு செய்வோம், வாருங்கள். பேபோவுக்கு 76 வயது. மிகக் குறைந்த நேரத்தில் புதிய மெட்டுகளையும் குழுவுக்கான இசைக்குறிப்புகளையும் எழுதிக்கொண்டு வந்து நின்றார். 'பேபோ ரைட்ஸ் அகெய்ன்' வெளிவந்தது. அந்த முதியவரின் இரண்டாவது வாழ்வு அந்த அழைப்பில்தான் தொடங்கியது. அடுத்த பத்தாண்டில் அவர் ஸ்பானிய உலகத்தின் பெரிய நட்சத்திரங்களில் ஒருவரானார். காச்சாவோவுக்காகப் பின்னாளில் 'கான்வர்சேஷன்ஸ் வித் காச்சாவோ' என்ற இரட்டைக் கான்செர்ட்டோவை எழுதினார். டபுள் பாஸும் கிளாரினெட்-சாக்ஸபோனும் சிம்பொனியின் முன்னால் நின்று பேசிக்கொள்ளும் படைப்பு அது. பக்கீட்டோவின் விருதுகள் எல்லாவற்றையும்விட அந்த ஒரு தொலைபேசி அழைப்பை நான் பெரிதாக நினைக்கிறேன்.

எழுத்து

1990-கள் தொடங்கி அவர் எழுதுவது பெருகியது. இதற்கு முன்பும் மெட்டுப் போட்டவர்தான். ஆனால் தன் குழுவுக்கு மெட்டுப் போடுவது வேறு, தன்னை நேரில் அறியாத, கியூபாவைப் பார்த்தே இராத கலைஞர்கள் வாசிப்பதற்காகத் தாளில் எழுதுவது வேறு. ஹவானாவில் தாளத்தின் சாய்வை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. குழந்தையிலிருந்தே காதில் இருக்கும். க்ளாவே என்ற ஐந்து தட்டு எங்கே விழுகிறது என்று பாஸ் வாசிப்பவருக்கும் தெரியும், ஆடுபவருக்கும் தெரியும். அந்த ஊர் இல்லாத இடத்தில் அதை எழுத்தில்தான் கொண்டுபோக வேண்டும்.

'ஐரெஸ் ட்ரோபிக்காலெஸ்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆஸ்பென் விண்ட் குவின்டெட் கேட்டுக்கொண்டு 1994-இல் எழுதியது. புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், ஹார்ன், பஸூன் ஆகிய ஐந்தும் ஐரோப்பிய அறை இசையின் பழைய கூட்டணி. முழவு இல்லை, பியானோ இல்லை. அந்த ஐந்து குழல்களுக்குள் ஏழு பகுதிகளாக அவர் ஒரு கண்டத்தையே வைக்கிறார். 'அல்போராதா' விடியலைப்போல் மெல்லத் திறக்கிறது. 'சோன்' பகுதியில் கியூப நாட்டுப்புறத் தாளத்தைப் பஸூனும் ஹார்னும் தாங்குகின்றன. முழவு செய்ய வேண்டிய வேலை காற்று வாத்தியங்களின் தோளில். 'ஹபானேரா'வில் மூன்று குழல்கள் மட்டும், ராவெலின் வாசனையோடு. அப்புறம் ஒரு வெனிசுலா வால்ஸ். பிறகு டிஸ்ஸிக்கு வணக்கமாக 'டிஸ்ஸினெஸ்', கியூபாவின் எர்னெஸ்தோ லெக்குவோனாவுக்கு வணக்கமாக 'கோன்ட்ராதான்சா', கடைசியில் ஆப்பிரிக்கத் தாளச் சுழற்சியில் 'ஆஃப்ரோ'.

இன்று உலகம் முழுவதும் இசைக் கல்லூரி மாணவர்கள் இதை வாசிக்கிறார்கள். ஹவானாவுக்கே போகாத ஒரு பஸூன் மாணவி சோன் தாளத்தின் எடை எங்கே விழும் என்று பயிற்சி செய்கிறாள். பக்கீட்டோவின் ஆல்பங்கள் எதையும் அவள் கேட்டிருக்கத் தேவையில்லை. நாட்டைவிட்டு வந்தவர் நாட்டை இப்படித்தான் ஊர் ஊராக அனுப்பிவைத்தார்.

2002-இல் வாஷிங்டனின் நேஷனல் சிம்பொனிக்காக 'கிரான் தான்சோன்' என்ற புல்லாங்குழல் கான்செர்ட்டோ. மரீனா பிச்சினீனி வாசிக்க, லெனர்ட் ஸ்லாட்கின் நடத்தினார். 1879-இல் மத்தான்சாஸில் ஆடப்பட்ட நடனம் கென்னடி சென்டருக்கு வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டு ஒரு அபூர்வமான நிகழ்ச்சி: லத்தீன் கிராமியில் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'போர்வீரனின் கதை' பதிவுக்குச் செவ்வியல் பிரிவிலும், 'பிரேசிலியன் டிரீம்ஸ்' ஆல்பத்துக்கு லத்தீன் ஜாஸ் பிரிவிலும் ஒரே ஆண்டில் விருது வாங்கினார். அதற்கு முன்பு இந்த இரண்டு பிரிவிலும் யாரும் சேர்ந்து வென்றதில்லை. 2005-இல் செல்லோ கலைஞர் யோ-யோ மா வாசித்த 'மெரெங்கே' என்ற மெட்டுக்கு இசைப்படைப்புக்கான கிராமி. அதே ஆண்டு அமெரிக்க அரசின் ஜாஸ் மாஸ்டர் கௌரவமும், தேசியக் கலைப் பதக்கமும். ஜனவரியில் கார்னெகி ஹாலில் அவருடைய ஐம்பது ஆண்டு மேடை வாழ்க்கைக்கு விழா எடுத்தார்கள்.

இறைச்சியும் பீன்ஸும் என்று காதில் விழுந்த அந்த அரங்குக்கு அவர் மூன்று விதமாகப் போயிருக்கிறார்: கியூபாவின் குழுவோடு, புலம்பெயர்ந்தவராக, கௌரவிக்கப்படுபவராக. அப்பா போட்டுக்காட்டிய தட்டின் ஒலி மூன்று முறையும் அவர் காதில் இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

ஆறாத பக்கம்

நாட்டைவிட்டுப் போன கலைஞர்களின் இசையைக் கியூப வானொலி நீண்ட காலம் ஒலிபரப்பவில்லை. யாருக்காக வாசிக்கக் கற்றாரோ அந்த ஊர்க்காரர்களின் காதுக்கு அவர் போய்ச் சேரவில்லை. உலகம் முழுவதும் கைதட்டியதால் இது ஈடாகிவிடாது.

அந்தக் கோபத்தை அவர் மறைத்ததும் இல்லை. 2005-இல் ஆஸ்கர் விழாவுக்கு கிதார் கலைஞர் கார்லோஸ் சந்தானா சே குவேராவின் படம் போட்ட சட்டையில் வந்தபோது, பக்கீட்டோ அவரைக் கண்டித்து வெளிப்படையாக ஒரு கடிதம் எழுதினார். லத்தீன் அமெரிக்காவிலும் வெளியிலும் சே-வை நேசிக்கும் பலருக்கு அந்தக் கடிதம் கசந்தது. அவருடைய அரசியலோடு எல்லா இடத்திலும் நான் உடன்படுகிறேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மகனை ஆண்டுக்கணக்கில் பார்க்க முடியாமல் வாழ்ந்த ஒருவர் அந்தச் சட்டையைப் பார்த்து என்ன உணர்ந்திருப்பார் என்பது எனக்குப் புரிகிறது.

நட்புகளும் அறுந்தன. பக்கீட்டோ வெளியேறிய பிறகும் சூச்சோ வால்தெஸ் கியூபாவில் தங்கி இராக்கெரேயைப் பல ஆண்டுகள் நடத்தினார். கன்சர்வேட்டரி நாட்களிலிருந்து ஒன்றாக வளர்ந்த இருவர் கடலின் இரண்டு கரையில். ஒருவர் போனதையும் மற்றவர் இருந்ததையும் ஆளாளுக்கு ஒரு விதமாகப் பேசினார்கள்.

2022-இல் இருவரும் சேர்ந்து ஒரு ஆல்பம் வெளியிட்டார்கள். சூச்சோவுக்கு 80, பக்கீட்டோவுக்கு 74. ஆறு பேர் கொண்ட குழு. பியானோவில் ஹவானாவின் பழைய நண்பர். டிரம்பெட்டில் பக்கீட்டோ நியூயார்க்கில் கண்டெடுத்த அர்ஜென்டினாக்காரர் தியேகோ உர்கோலா. ஆல்பத்துக்கு 'ஐ மிஸ்டு யூ டூ' என்று பெயர் வைத்தார்கள். உன்னை நானும்தான் தேடினேன்.